பொதுஜனத்துக்குப் போட்ட பெஞ்சு

போன மாதம் பென்ஷன் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கப் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். முழங்கால் வலியோடு மணலில் நடந்து போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்றைக்குப் போர்டு கூட்டம் என்பதே அங்கே போன பிறகுதான் தெரிந்தது. இதே ஊரில் குடியிருக்கிறேன், என் காதுக்கே எட்டவில்லை. தமுக்கு அடிக்கவில்லையா என்று கேட்டேன்.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா நல்ல பிள்ளை. "தமுக்கை நிறுத்தியாச்சு சார். வாசல்ல ஒரு காகிதம் ஒட்டறோம், ஜில்லா கெஜட்ல போடறோம். அது போதும்னு உத்தரவு" என்றார். கூட்ட அறையை எட்டிப் பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சைக் காணோம். "ரிக்கார்டு ரூம்ல கெடக்கு சார். காகிதக் கட்டு அடுக்க எடமில்ல. யார் சார் வந்து ஒக்கார்றாங்க?" என்றார்.

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அந்தப் பெஞ்சு எதற்கு என்று அவருக்குத் தெரியாது. "உங்க காலத்துல எப்படி நடந்ததுன்னு ஒரு நாள் எழுதிக் குடுங்க" என்றும் சொன்னார். மரியாதைக்குச் சொன்னதாக இருக்கும். வேலையில்லாதவனிடம் மரியாதைக்குக்கூட எதையும் சொல்லக்கூடாது. நான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐரோப்பா சண்டை வந்து கப்பல் குறைந்ததும் ஆளைக் குறைத்தார்கள். பிறகு ராயபுரத்தில் ஒரு வக்கீலிடம் நகல் எழுதினேன். சண்டை முடிந்து, திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் கடலோரமாக இருந்த ஒரு யூனியன் போர்டில் குமாஸ்தா வேலை காலியானபோது, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னை எடுத்துக்கொண்டார்கள். தெருவிளக்கு, கிணறு, சாக்கடை, சந்தை, சுடுகாடு, இவ்வளவுதான் எங்கள் போர்டின் ராஜ்யம். எல்லோரும் என்னை ரைட்டர் என்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் வீட்டில்தான்.

மாதம் ஒரு கூட்டம். அதற்கு முன்னால் நான் செய்ய வேண்டிய காரியங்கள் கொஞ்சமல்ல. என்னென்ன விஷயம் பேசப்போகிறார்கள் என்று வரிசையாக எழுதி பிரசிடெண்டிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மெம்பர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும். ஒரு பிரதியை ஆபீஸ் வாசல் பலகையில் ஒட்ட வேண்டும். சட்டம் சொன்ன நாள் கணக்குக்குள் தமுக்கு அடித்து ஊருக்குச் சொல்ல வேண்டும். கூட்டத்தன்று கதவைத் திறந்து வைக்க வேண்டும், பொதுஜனத்துக்குப் பெஞ்சு போட வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கூட்டமே செல்லாது என்று மேலே எழுதிப் போடலாம்.

தமுக்கு அடித்தவன் ஏழுமலை. சந்தை முனை, ரயில் கேட்டு, கோயில் தெரு, சேரி, கடைசியாகக் கடற்கரைக் குப்பம் என்று ஒரு சுற்று. நான் எழுதிக் கொடுக்கும் வாசகம் நீளமாக இருக்கும். அதை அவன் ஒரு நாளும் முழுதாகச் சொன்னதில்லை. "போர்டு கூட்டம் சாமியோவ். வர்றவங்க வரலாம், பாக்கறவங்க பாக்கலாம்" என்று முடித்துவிடுவான். நான் கோபித்துக்கொண்டால், "நீ எய்தறத சொன்னா நானே தூங்கிப்புடுவேன் ரைட்டரய்யா" என்பான். அவன் சொன்னதுதான் ஊருக்குப் புரிந்தது.

இனி எங்கள் பிரசிடெண்டு தாமோதர முதலியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாரையும் ஏமாற்றினார் என்றோ, போர்டு பணத்தில் கை வைத்தார் என்றோ யாரும் சொல்ல முடியாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தபடி, "சட்டப்படி ஆச்சா, ரைட்டர்?" என்று கேட்பார். ஆச்சு என்றால் மாட்டிக்கொள்வார். ஆகவில்லை என்றால் ஆகும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். பெஞ்சில் தூசி இருந்தால் அவருக்குப் பிடிக்காது. விரலால் தடவிப் பார்த்து எனக்குக் காட்டுவார். ஆனால் கூட்டம் பகல் பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் ஆண்கள் கடலில் இருப்பார்கள், பெண்கள் மீன் கூடையோடு தண்டையார்பேட்டையில் இருப்பார்கள், கூலிக்காரர்கள் மில்லில் இருப்பார்கள். வாசலில் டவாலி போட்ட சேவகன் கோவிந்தன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். திறந்த கதவை அவன் மீசை ஒன்றே சாத்திவிடும். பெஞ்சில் பெரும்பாலும் அவனுடைய சோற்று மூட்டைதான் இருந்தது.

ஒரு கூட்டத்தன்று குப்பத்துப் பெரியதனக்காரர் கன்னியப்பன் வந்து வாசலில் நின்றார். பெரியதனம் என்றால் அந்தக் குப்பத்துக்குத் தலைவர். வயசானவர், கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

"இன்னா வேணும்?" என்றான் கோவிந்தன்.

"கூட்டம்னு தமுக்கு அட்ச்சாங்கோ. அதான் வந்தேன்."

உள்ளே வந்தவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மெம்பர்களில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிரசிடெண்டு கண்ணாடியைக் கழற்றினார். "ரைட்டர், அவரைப் பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். அது அவருக்காகத்தான் போட்டிருக்கிறது" என்றார். அந்தக் காலத்தில் ஒரு குப்பத்து ஆளை இப்படி உட்காரச் சொன்ன பெரிய மனிதர்கள் குறைவு. இதை நான் மறக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் பின்னால் எழுதப்போவது வேறு மாதிரி.

அன்றிலிருந்து கன்னியப்பன் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தார். நுனியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், கடைசி விஷயம் முடியும்வரை இருப்பார். சாயங்காலம் குப்பத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து நடந்ததைச் சொல்வாராம். கிணற்றுக்கு உருளை வரப்போகிறது, விளக்குக் கம்பம் வராது என்று எங்கள் மெம்பர்களுக்கு முன்பே அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருக்கும். வருஷக்கணக்கில் இப்படி நடந்தது.

ஒரு மழைக்காலம் முடிந்த பிறகுதான் அந்த விஷயம் வந்தது.

குப்பத்துக்கும் ரயில் ரோட்டுக்கும் நடுவில் உயரமான ஒரு மணல் மேடு. குப்பத்துப் பெண்கள் அங்கேதான் கருவாடு காயப்போடுவார்கள். விற்காமல் மிஞ்சும் மீன் எல்லாம் அந்த மேட்டில்தான் காசாகும். கடல் கொடுக்காத மாதங்களில் அவர்கள் வீட்டில் உலை கொதிப்பது அந்தக் கருவாட்டால். அந்தச் சமயம் ஒரு கம்பெனி வந்து, மேட்டுக்குத் தெற்கே துரைமார்களுக்குப் பங்களா கட்டியது. காற்று திரும்பினால் பங்களாவுக்கு நாற்றம் போகும். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கருவாடு காயப்போடுவதைச் சடையங்குப்பம் போகிற வழியில் இருக்கும் தாழ்வு நிலத்துக்கு மாற்றலாம் என்று அடுத்த கூட்டத்தின் விஷயங்களில் சேர்க்கச் சொன்னார் பிரசிடெண்டு. அந்த நிலத்தில் ஒரு மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும். அங்கே மீன் காயாது, அழுகும். இது போர்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாரம்தான் கன்னியப்பன் இறந்துபோனார்.

தமுக்கு அடிக்கும் நாளில் ஏழுமலை ஆபீசுக்கு வந்து நின்றான். தமுக்கைத் தோளில் மாட்டவில்லை.

"குப்பத்துக்குள்ள போவ முடியாது ரைட்டரய்யா. பெரியதனம் சாவு. கருமாதி முடியங்காட்டியும் வேற தமுக்கு அங்க நொயையக் கூடாது. கேட்டா காதப் பொத்திகினு வூட்டுக்குள்ள பூடுவாங்கோ. அது அவங்க கட்டு."

எனக்கு இந்த வழக்கம் தெரியும். தலைவன் சாவுக்கு அடித்த மேளம்தான் கடைசி. காரியம் முடிவதற்குள் வேறு தோல் சத்தம் கேட்டால் அடுத்த சாவைக் கூப்பிட்டதாக ஆகும் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் பிரசிடெண்டிடம் போனேன். கூட்டத்தை ஒரு மாதம் தள்ளலாம், அல்லது இந்த ஒரு விஷயத்தையாவது தள்ளலாம் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஊரில் எந்த வாரம் சாவு இல்லை, ரைட்டர்?"

"குப்பத்து விஷயம் சார். குப்பத்துக்கே தமுக்குப் போகவில்லை என்றால்..."

"உள்ளே போக வேண்டாம். எல்லையில் நின்று அடிக்கட்டும். சத்தம் கேட்கும் தூரம்தானே. சட்டப்படி ஆச்சு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஏழுமலை ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம், குப்பம் ஆரம்பிக்கும் இடத்தில் நின்று அடித்தான். நானும் கூடப் போயிருந்தேன், அடித்ததாகப் பதிவு செய்ய வேண்டுமே. அவன் சொன்னது போலவே நடந்தது. வெளியே வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வலையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார்கள். கதவு இல்லாத குடிசைகளில் கீற்றுத் தட்டியை இழுத்து மறைத்தார்கள். இவன் "வர்றவங்க வரலாம்" என்றபோது கேட்பதற்கு மணலில் ஒரு நாய் இருந்தது.

அடித்து முடித்ததும் ஏழுமலை தமுக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தான். அதை நான் வாங்கியது அதுதான் முதல் தடவை.

"இத்தப் புடி ரைட்டரய்யா. தமுக்குதான போவக்கூடாது. வாய் போவலாமில்ல."

வெறுங்கையோடு சாவு வீட்டுக்கு நடந்தான். திரும்பி வர நேரமாயிற்று. நான் ரயில் கேட்டுப் பக்கத்தில் தமுக்கைக் கட்டிக்கொண்டு நின்றேன். போகிறவர்கள் எல்லாம் ரைட்டர் எப்போது தொழில் மாற்றினார் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கூட்டத்தன்று குப்பத்துப் பெண்கள் வந்தார்கள். மீன் விற்கப் போகவில்லை. ஒரு நாள் வியாபாரம் போனால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முன்னால் நின்றவள் அஞ்சலை, கன்னியப்பனின் தம்பி மகள். தீட்டோடு இருப்பதால் உள்ளே வரமாட்டோம் என்று வெயிலிலேயே உட்கார்ந்தார்கள். பிரசிடெண்டு எட்டிப் பார்த்தார். "எல்லா ஜன்னலையும் திறந்து வையுங்கள், ரைட்டர். அவர்களுக்குத் தெரிய வேண்டும்" என்றார். கோவிந்தனை விட்டு ஒரு பானைத் தண்ணீரும் வைக்கச் சொன்னார். நான் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தேன்.

விஷயம் வாசிக்கப்பட்டது. மெம்பர்களில் காதர் பாய் என்று ஒரு தோல் வியாபாரி, வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் கிடங்கு வைத்திருந்தவர். அவர் ஒருவர்தான் பேசினார். "நம்ம தோல் கிடங்கு நாறாத நாத்தமா அய்யா? அத்த ஒருத்தரும் பேசல. இந்தப் பொம்பளைங்க வவுத்துல அடிச்சா பேஜாரா பூடும்" என்றார். பிரசிடெண்டு அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கை தூக்குங்கள் என்று சொல்வதற்கு வாயெடுத்தார்.

அஞ்சலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அய்யா, நாங்க ஒண்ணு சொல்லணும்."

"வந்திருப்பவர்கள் கவனிக்கலாம் அம்மா. பேசுவதற்கு விதியில் இடமில்லை."

"பேசக்கூடாதுன்னா எதுக்கு தமுக்கு அட்ச்சி கூப்டீங்கோ?"

"என்ன நடக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்கு."

"தெரிஞ்சிகினு நாங்க இன்னா பண்றது?"

பிரசிடெண்டு கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் அவளை அதட்டி உட்கார வைத்திருப்பார். இவர் அவள் தானாக உட்காரும்வரை காத்திருந்தார். அவள் உட்காரவில்லை. அவள் நின்றபடியே இருக்க, கைகள் மேலே போயின. காதர் பாயின் கை மட்டும் மேசை மேல் இருந்தது. தீர்மானம் நிறைவேறியது. அடுத்த விஷயம் சந்தைக் குத்தகை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. முடிந்திருந்தால் இத்தனை வருஷம் என் மனசில் கிடந்து உறுத்தியிருக்காது.

காதர் பாய் ஒரு வக்கீலைப் பிடித்து, குப்பத்தின் பேரில் கலெக்டருக்கு மனு போட்டார். குப்பத்து விஷயத்துக்குக் குப்பத்துக்குள் தமுக்கு அடிக்கவில்லை, ஆகவே கூட்டம் செல்லாது என்பது மனு. அருமையான மனு என்று நானே உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். கலெக்டர் ஆபீஸ் போர்டிடம் விளக்கம் கேட்டது. பிரசிடெண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எல்லையில் தமுக்கு அடிக்கப்பட்டது. அடித்ததைக் குமாஸ்தா நேரில் பார்த்தார். கூட்டத்துக்குக் குப்பத்துப் பெண்கள் பலர் வந்திருந்தார்கள். அவர்களுக்காக ஜன்னல்கள் திறக்கப்பட்டன, தண்ணீர் வைக்கப்பட்டது. ஒரு வரி பொய் இல்லை.

பதில் வந்தது. ஜனங்கள் திரளாக வந்திருப்பதே அவர்களுக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி, ஆகவே அறிவிப்பில் குறை இல்லை, மனு தள்ளுபடி. அவர்கள் வராமல் இருந்திருந்தால் அந்தக் கூட்டம் செல்லாமல் போயிருக்கும். வந்தார்கள், அதனால் செல்லும். எத்தனையோ உத்தரவுகளை வாசித்திருக்கிறேன், அதைப் போல என்னைக் களைத்துப்போகச் செய்தது வேறில்லை.

அதை அஞ்சலைக்கு வாசித்துச் சொல்ல வேண்டியதும் என் வேலைதான். ஆபீஸ் வாசலில் நின்று சொன்னேன். ஏழுமலையும் அங்கே இருந்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னதும் புரிந்தது.

"அப்போ நான் போயி சொல்லாம இருந்திருந்தா?" என்று என்னைக் கேட்டான்.

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் அப்படியே குந்திவிட்டான். தமுக்கடிக்கிற இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். "நானே கெடுத்துட்டேனே" என்றான். அழுதான்.

அஞ்சலை அவன் பக்கத்தில் கூடையை இறக்கினாள். "நீ இன்னா கெட்த்தே? கீழே குந்தாத, எய்ந்திரு அண்ணே. நீ சொல்லலன்னா எங்க மேட்ட யாரு எட்த்தாங்கன்னே எங்களுக்குத் தெரியாது. யாரோ சர்க்காருன்னு நென்ச்சிருப்போம். இப்ப ஒவ்வொரு கையும் யாருதுன்னு தெரியும்."

மேடு போயிற்று. சடையங்குப்பம் வழியில் கருவாடு காயப்போட்டார்கள். முதல் மழையிலேயே எல்லாம் அழுகியது. குப்பத்தில் சில குடும்பங்கள் புளியந்தோப்புப் பக்கம் கூலிக்குப் போய்விட்டன. பங்களாவுக்கு நல்ல காற்று கிடைத்தது.

அடுத்த மாதக் கூட்டத்தில் அஞ்சலை வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கூடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, நுனியில் அல்ல, நடுவில் உட்கார்ந்தாள். அதற்கு அடுத்த மாதமும் வந்தாள். கோவிந்தனுக்குத் தாங்கவில்லை. "பேசத்தான் வுடமாட்டாங்களே, இன்னாத்துக்கு வந்து குந்திகினு கீறே?" என்று கேட்டான்.

"கையத் தூக்கட்டும். என் மூஞ்சியப் பாத்துகினு தூக்கட்டும்" என்றாள்.

அதனால் ஏதோ மாறிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. குப்பத்துச் சுடுகாட்டுப் பாதையை மறிக்கும் ஒரு விஷயம் மட்டும், அவள் உட்கார்ந்திருந்த நாளில், பாதிக் கைகள் தூக்கலாமா வேண்டாமா என்று தயங்கித் தோற்றுப்போனது. தாமோதர முதலியார் கடைசிவரை, கை தூக்கச் சொல்லும் முன் ஒரு தடவை பெஞ்சைப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைப்பார். அவர் காலமாகிவிட்டார், ஏழுமலையும் போய்விட்டான். போன வருஷம் அஞ்சலையும் போய்ச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

போன மாதம் அந்தக் குமாஸ்தாவிடம் இவ்வளவும் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. காகிதத்தில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே கூட்டம் ஆரம்பமாகியிருந்தது. கதவு திறந்திருந்தது, அந்த விதி இன்னும் இருக்கிறது போலும். வாசற்படியை ஒட்டித் தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலிக் கூடை. சாயலைப் பார்த்துக் கேட்டேன், அஞ்சலையின் அண்ணன் மகள்.

"தமுக்குக்கூட அடிக்கலையாமே. கூட்டம்னு எப்படித் தெரிஞ்சுது?"

"மாசா மாசம் வர்றதுதான நைனா. அத்தை சொல்லிட்டுப் போச்சு."

எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருஷம் தூசி தட்டிப் போட்ட பெஞ்சு காகிதக் கட்டுக்குக் கீழே கிடக்க, இவள் தரையில் இருக்கிறாள். "இரும்மா, உள்ளே சொல்லிப் பெஞ்சை எடுத்துப் போடச் சொல்றேன்" என்று திரும்பினேன்.

"அட குந்து நைனா, கால் வலிக்கிதுல்ல ஒனக்கு" என்றாள். பார்வையை உள்ளேயிருந்து எடுக்கவில்லை. "பெஞ்சி இல்லன்னா இன்னா. இங்கேர்ந்தே கை நல்லாத் தெரியிது."